பெயரை வாடகைக்கு எடுக்குமுன்

சென்ற வாரம் நமது பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் நாலு கடை விசாரிக்காமல் வாங்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு பளபளப்பான புத்தகத்தை நம் முன் விரித்து, "இருபது லக்ஷம் போட்டு டீக்கடை வைக்கப்போகிறேன், நாளைக்கே முன்பணம் கட்ட வேண்டுமாம்" என்றார்.

கடை அவருடையது, பெயர் ஒரு கம்பெனியுடையது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஃபிரான்சைஸ் என்று பெயர். கம்பெனி பெயரையும், பலகையையும், பக்குவத்தையும் கொடுக்கும். பணமும் உழைப்பும் கவலையும் நம்முடையவை. நண்பர் சேமநிதியிலிருந்து பத்து லக்ஷமும், வீட்டின் பேரில் நூற்றுக்கு 12 வட்டிக்குக் கடனாகப் பத்து லக்ஷமும் போடுவதாக ஏற்பாடு. ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு.

இந்த முறையே மோசம் என்று நாம் சொல்லவில்லை. இதனால் நன்றாய்ப் பிழைத்தவர்கள் அநேகர். ஆனால் கம்பெனிக்கு எந்த வழியில் லாபம் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் கம்பெனி, கடைகளுக்கு இடம் பிடித்து வாடகைக்கு விடுவதற்கென்றே 1956-ல் ஒரு துணைக் கம்பெனி ஏற்படுத்திற்று. உலகமெல்லாம் ரொட்டி வியாபாரம் என்று நினைத்தது; பணமோ வாடகையில் வந்தது! சில கம்பெனிகள் ராயல்டியில் சம்பாதிக்கின்றன. சில, "ராயல்டியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சரக்கை அதிக விலைக்கு நம் தலையில் கட்டுகின்றன. புதிது புதிதாய்க் கடை திறப்போரின் நுழைவுக் கட்டணத்திலேயே பிழைக்கும் கம்பெனிகளும் உண்டு. அவற்றுக்கு நமது கடை திறந்தால் போதும், நடக்க வேண்டுமென்பதில்லை.

நண்பரும் நாமும் பென்ஸிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாதம் மூன்று லக்ஷம் விற்பனை என்று புத்தகம் சொல்லிற்று. அப்படியே வைத்துக்கொள்வோம். சரக்கு 1,20,000, கடை வாடகை 45,000, மூன்று ஆட்களின் சம்பளம் 48,000, மின்சாரம் 12,000, ராயல்டி நூற்றுக்கு 6 வீதம் 18,000, விளம்பர நிதி நூற்றுக்கு 2 வீதம் 6,000, இவ்விரண்டின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 4,320. மீதி 46,680 ரூபாய். கடனுக்கு வட்டி பத்தாயிரம் போக 36,680. நண்பர் முகம் மலர்ந்தது. ஆனால் இருபது லக்ஷத்தை ஐந்து வருஷத்தில் திருப்பி எடுக்கவே மாதம் 33,333 ரூபாய் வேண்டுமே! காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் கூலி, மாதம் மூவாயிரத்துச் சொச்சம்.

விற்பனை இரண்டு லக்ஷமாய்க் குறைந்தால்? சரக்குச் செலவு குறையும்; வாடகையும் சம்பளமும் குறையா. வட்டிக்கு முன்பே 3,880 ரூபாய் நஷ்டம். அப்போதும் கம்பெனிக்கு 16,000 ரூபாய் போய்ச் சேரும். ராயல்டி லாபத்தின் மேல் அல்ல, விற்பனையின் மேல் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

அமெரிக்காவில் 1979 முதல் இதற்கு ஒரு சட்ட விதி அமலில் இருக்கிறது. கையெழுத்துக்கோ பணத்துக்கோ பதினான்கு நாள் முன்னதாகவே, கம்பெனி தன் வழக்குகளையும், கணக்குகளையும், சமீபத்தில் விலகிப்போன கடைக்காரர்களின் தொடர்பு விவரங்களையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நமது தேசத்தில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் முதலிய பொதுச் சட்டங்களே கதி. ஆகவே அங்கே சட்டம் கேட்பதை இங்கே நாமே கேட்க வேண்டும்.

பெயர் உண்மையில் அந்தக் கம்பெனியின் பேரில் பதிவாகியிருக்கிறதா என்பதை டிரேட்மார்க் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். கம்பெனியின் வருஷக் கணக்கையும் சிறு கட்டணம் செலுத்திச் சர்க்கார் பதிவேட்டில் பார்க்கலாம். அடுத்த தெருவிலேயே இன்னொரு கடைக்கு அநுமதி கொடுக்கமாட்டார்கள் என்பதும், நடுவில் விலகினால் முன்பணம் என்ன ஆகும் என்பதும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது. பிறகு, கம்பெனியார் காட்டும் கடையை விட்டு, காட்டாத கடைக்கு எதிரே ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து, வருகிறவர்களை எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையை மூடியவர் ஒருவரைக் கண்டு பேச வேண்டும். விற்க வந்தவர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

நண்பர் மறுநாள் முன்பணம் கட்டவில்லை. மூடிய கடைகளின் விலாசங்களைக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் தினம் மூன்று தடவை டெலிபோன் செய்துகொண்டிருந்தவர்கள், இந்தப் பத்து நாளாய் ஒரு தடவைகூடச் செய்யவில்லையாம்.