ஞாயிறு ஒன்று, ஆசை மூன்று

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம் கலைஞர் நிக் மேசன், 1998இல் மார்க் ஹேல்ஸோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். தன்னிடம் இருந்த பழைய பந்தயக் கார்களைப் பற்றிய புத்தகம். கூடவே ஒரு குறுந்தகடும் வந்தது. டிரம்மர் கொடுத்த தட்டாயிற்றே என்று போட்டுக் கேட்டால் பாட்டு கிடையாது. கார்களின் எஞ்சின் உறுமல்தான் வரிசையாக வரும். எழுத்து, ஒலிப்பதிவு, கார் என்று மூன்று ஆசைகளையும் ஒரே அட்டைக்குள் அடக்கிவிட்டார் மனிதர். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து முறை ஓட்டியவர். ராபர்ட் வையாட்டின் 'ராக் பாட்டம்' (1974) உட்படப் பிறருடைய இசைத்தொகுப்புகளுக்குத் தயாரிப்பாளராகவும் இருந்தவர்.

அவரை உதாரணம் காட்டி, 'மனம் இருந்தால் எல்லாம் முடியும்' என்று பேசிவிடலாம். ஆனால் மேசனுக்குக் கார்களை நிறுத்த இடம் உண்டு, பராமரிக்க ஆட்கள் உண்டு, இரண்டு சுற்றுப்பயணங்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் ஓய்வும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த மூன்று ஆசையும் உள்ளவருடைய நிலவரம் வேறு. பகலில் வங்கி வேலையோ மென்பொருள் வேலையோ இருக்கும். லேப்டாப்பில் முடியாத ஒரு சிறுகதையும் பாதியில் நிற்கும் ஒரு பாட்டும் கிடக்கும். கீழே பார்க்கிங்கில் அப்பா ஓட்டிய மாருதி 800 நிற்கும்.

இப்படிப்பட்டவர்கள் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுக்குப் பின்புறம் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டிய காலத்தில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் என்பது பெரிய முதலீடு. இன்று ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனாலும் அதன் சாமான்களைத் தேடிப் பிடிக்கச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. எழுதுவதற்கோ ஒரு காலத்திலும் பெரிய செலவு இருந்ததில்லை. நுழைவதற்கான தடை குறைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் தீர்வு கால அட்டவணை. திங்களும் புதனும் எழுத்து, செவ்வாயும் வியாழனும் இசை, ஞாயிறு காலை கார் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். எந்த வேலையில் செலவழித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே மதிப்புதான் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. தவறே அங்குதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வேலையும் நடுவில் நிறுத்தப்படுவதை ஒவ்வொரு விதமாகத் தாங்குகிறது.

எழுத்து நன்றாகவே தாங்கும். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரலோப் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் துறையில் வேலை பார்த்தவர். விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். பிறகு எழுந்து அன்றைய வேலைக்குப் போய்விடுவார். அவருடைய 47 நாவல்களில் பல இப்படித்தான் வந்தன. அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், சுயசரிதை வெளியாகி இந்தக் கணக்கு அம்பலமானபோது, மணியடித்து எழுதியதா இலக்கியம் என்று பலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. பாதியில் விட்ட வாக்கியம் மறுநாள் அங்கேயே இருக்கும். ஆறிப்போகாது, துருப்பிடிக்காது. இரவு முழுக்கத் தலைக்குள் ஊறி, காலையில் தானே முடிந்துகொள்வதும் உண்டு.

நம்மிடம் சுஜாதா இருக்கிறார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றுக்கொண்டே வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியவர். அவருடைய உழைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தொடர்கதை என்ற ஏற்பாடு செய்த உதவியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அடுத்த அத்தியாயத்தை எதிர்பார்த்து ஒரு பத்திரிகை அலுவலகமும் பல்லாயிரம் வாசகர்களும் காத்திருக்கும்போது, 'இன்று மனநிலை சரியில்லை' என்று தள்ளிப்போட முடியாது. கெடு வெளியிலிருந்து வந்தது. இன்றைக்குத் தனக்காக எழுதுகிற அமெச்சூருக்கு இல்லாமல் போனது அதுதான்.

இசைத் தயாரிப்பு வேறு ரகம். ஒரு மெட்டைப் போனில் முனகிப் பதிவுசெய்ய இரண்டு நிமிடம் போதும். மிக்ஸிங் அப்படியில்லை, அங்கே காதுதான் கருவி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள்: ஒலியளவு குறையக் குறைய, நம் காதுக்கு அடிக்குரல் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பதினோரு மணிக்கு, குழந்தை எழுந்துவிடாமல் சத்தத்தைக் குறைத்து வைத்து மிக்ஸ் செய்பவருக்கு பேஸ் போதவில்லை என்றே தோன்றும். ஏற்றிக்கொண்டே போவார். மறுநாள் காரில் போட்டுக் கேட்டால் கதவு அதிரும். காரில் போட்டுக் கேட்பது அமெச்சூர் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தொழில்முறை ஒலிப்பதிவாளர்களும் மிக்ஸ் முடிந்ததும் காருக்குள் போய் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். பாட்டு கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த வகையில் காரும் இசையும் கூட்டாளிகள்.

காரில் வேலை செய்த கையோடு மிக்ஸிங்கில் உட்காரும்போது இந்தக் கூட்டு முறிந்துபோகும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம்தான். துருப்பிடித்த சைலன்சர் கிளாம்பை ஆங்கிள் கிரைண்டரால் அறுக்கும்போது அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடலாம். காலையில் காதுக்கு அடைப்பான் இல்லாமல் அரை மணி நேரம் அறுத்தவரின் செவித்திறன் சில மணி நேரத்துக்காவது மந்தமாக இருக்கும். அவர் மாலையில் டிரம்மின் ஹை-ஹாட் ஒலியைக் கூர்மையாக்க உட்காருவது வீண் வேலை. காலை ஒன்று, மாலை ஒன்று என்று பிரித்துக்கொடுத்த அட்டவணைக்கு இது தெரியாது.

மூன்றில் கார்தான் மிகவும் பிடிவாதக்காரன். பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி இருந்தால் போதும் என்கிறது தரவிதி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தை, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவர் தன் காலாலேயே தெரிந்துகொள்வார். சூடு ஏறி ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் பிரேக் லைனைத் திறந்துவைத்துவிட்டு, 'மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்' என்று மூடிவிட்டுப் போக முடியாது. ஆயில் டப்பாவைத் திறந்தால் முடித்தாக வேண்டும். ஹெட் கேஸ்கெட்டைக் கழற்றினாலும் அதே கதைதான். வாரங்கள் கடந்தால் எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்பதே மறந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூடக் கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

நேரத்தைவிட இடம் இன்னும் பெரிய தடை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது, தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். நம் அடுக்குமாடிகளில் கிடைப்பதோ இரண்டு தூண்களுக்கு நடுவே கார் கதவைத் திறப்பதற்கே போதாத இடம். தரையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். புதிய கார் என்றால், உத்தரவாதக் காலத்தில் வெளியே கைவைத்தால் கம்பெனியில் சிக்கலாகுமோ என்ற பயம் வேறு. ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டி எந்திரவியலைக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்க முற்றம் வேண்டும், திறந்தால் புரிகிற எந்திரமும் வேண்டும்.

அப்படிக் கற்பவருக்கு எதிர்பாராத பலன்களும் கிடைக்கும். குயீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம். டிரெமலோ பொறிமுறைக்கு ஒரு பழைய பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். குயீன் பாடல்களில் பெரும்பாலும் ஒலிப்பது அந்தக் கிடார்தான். ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' (1974) இன்னொரு சான்று. பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தவர், மகனோடு போன ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தை நூலாக்கினார். 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய நூல் அது. ஸ்பேனர் பிடித்திராதவர் எழுதியிருக்க முடியாத புத்தகம்.

ஆசைகள் ஒன்றுக்கொன்று தீனி போடும் என்பது உண்மை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதற்கு அதை நியாயமாக்கிவிடக் கூடாது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு, முடியாத வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு நகரும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று காட்டியது. ஒரு மணி நேரத்தை இருபது இருபது நிமிடமாகப் பங்கிடுபவர் மூன்றிலும் பழைய மிச்சத்தைத்தான் சுமந்துகொண்டிருப்பார்.

வேறொரு ஆபத்து சம்பாதிக்கும் ஆசை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த டாம் ஷோல்ஸ், போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே வீட்டு நிலவறையில் பாடல்களைப் பதிவுசெய்தார். 1976இல் 'பாஸ்டன்' என்ற பெயரில் வெளிவந்த அந்த இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. இரண்டாவது தொகுப்பை அவசரப்படுத்தி வாங்கிவிட்டார்கள் என்ற மனக்குறை அவருக்கு. மூன்றாவது வர 1986 ஆயிற்று. நடுவில் தாமதத்துக்காக இசை நிறுவனம் வழக்கே போட்டது. நிலவறையில் அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை. இன்றோ முதல் பாட்டை ஏற்றிய வாரத்திலேயே எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். மூன்று ஆசைகளில் ஒன்றையாவது யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருப்பது நல்லது. பெரும்பாலும் அதற்குத் தோதானது கார்தான், பிரேக் பிடித்தால் போதும், அதற்கு யாருடைய பாராட்டும் தேவையில்லை.

இதுவரை சொன்ன ஆசைக்காரர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது தற்செயல் இல்லை. விடிகாலையில் தன்னை எழுப்புவதற்காகவே ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததாக டிரலோப் தன் சுயசரிதையில் சொல்கிறார். அந்த நேர்மையாவது அவரிடம் இருந்தது. இந்தியாவில் 2024இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். வித்தியாசம் மூன்று மணி இருபத்தொரு நிமிடம். கதையோ பாட்டோ காரோ, பல வீடுகளில் கணவரின் பொழுதுபோக்குகள் மூன்றும் இந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. 'நேர நிர்வாகம்' பற்றிய அறிவுரைகளில் ஞாயிறு மதியச் சமையலை யார் செய்தார்கள் என்ற வரி வருவதேயில்லை. மனைவிக்கும் வயலினோ ஓவியமோ இருந்தால், அதற்கும் ஞாயிற்றில் பாதி போக வேண்டும் என்றால், மூன்று ஆசைக்காரர் ஒன்றையாவது கீழே வைத்தாக வேண்டும்.

கீழே வைப்பதில் ஒன்றும் கேவலமில்லை, வைக்கும் முறை தெரிய வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்ட காரில் பேட்டரி இறங்கும், பெட்ரோல் கெடும், டயர் தட்டையாகும். ஓட்டவோ பார்க்கவோ ஆளில்லையென்றால் விற்றுவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. பாதியில் நிற்கும் பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாகத் தனித்தனியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துப் புதிய லேப்டாப்பில் பழைய மென்பொருள் கோப்பு திறக்கும் என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை. கதையை அச்செடுத்து ஒரு உறையில் போட்டால் போதும். கிடார் செய்த பிரையன் மே, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூரிய மண்டலத் தூசு பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1970இல் தொடங்கி, குயீன் குழு வளர்ந்தபோது நிறுத்திவிட்டார். குறிப்புகளைத் தூக்கிப் போடவில்லை. 2006இல் அவற்றை மறுபடி எடுத்து, 2007இல் பட்டம் பெற்றார். நடுவே முப்பது சொச்சம் ஆண்டுகளில் அந்தத் தூசின் பக்கம் அதிகம் பேர் போகாதது அவருக்கு வசதியாகப் போயிற்று.