தம்மையே கொண்டுவந்தவர்

அந்தி வேளையில் குடும்பத் தலைவன் வீடு திரும்பும்போது, வாசலுக்கு ஓடி வரும் குழந்தை கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். என்ன வாங்கி வந்தாய் என்பதே அது. கையில் பொட்டலம் இருக்கும் நாளில் இதற்கு விடை சொல்லப் பாண்டித்தியம் வேண்டியதில்லை. வெறுங்கையோடு வரும் நாளில்தான் தகப்பனுடைய சாமர்த்தியம் வெளிப்படும்.

புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையில் இந்தக் கட்டம் வருகிறது. சென்னையில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, வழியில் எதிர்ப்பட்ட கடவுளையே அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியிலுள்ள தம் வீட்டுக்கு வருகிறார். மகள் வள்ளி கண்ணுக்குக் கடவுள் படவில்லை. அப்பாவின் கைதான் படுகிறது. என்ன கொண்டுவந்தாய் என்கிறாள். தம்மையே கொண்டுவந்திருப்பதாகப் பிள்ளை பதில் சொல்கிறார். தினந்தோறும் இதே சரக்குத்தானா, பொரிகடலையாவது கொண்டுவரக் கூடாதா என்று குழந்தை குறைப்பட்டுக் கொள்கிறது. படிக்கும்போது நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். புத்தகத்தை மூடிய பிறகு என்னவோ தொண்டையை அடைக்கிறது.

இதை எழுதியவர் 1948ஆம் ஆண்டில், 42 வயதில், மனைவியையும் 1946ல் பிறந்த மகளையும் விட்டு மறைந்தார் என்பதை நினைத்தால், அந்தத் தமாஷின் பாரம் இன்னும் கூடுகிறது.

சோ. விருத்தாசலம் என்பது அவருடைய இயற்பெயர். 1906ல் பிறந்தவர், திருநெல்வேலிச் சைவ வேளாளர் குடும்பத்தினர், தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். திருநெல்வேலி ஹிந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறிய மகனும் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பதே அக்காலத்து வீடுகளின் நியாயமான ஆசை. அவரோ பேனாவை நம்பிச் சென்னைக்கு ரயிலேறினார். 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதினார். 'தினமணி'யில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1932ல் மணந்த கமலா அம்மையார் திருவனந்தபுரத்துப் பெண். சென்னையில் வீடு நடத்துவதற்கு வேண்டிய வரும்படி கிடைக்காத காலங்களில் அவர் அங்கேயும், கணவர் இங்கேயுமாக இருக்க நேர்ந்தது.

புதுமைப்பித்தனைப் பற்றி வாசகர்கள் கொண்டுள்ள அபிப்பிராயம் நாம் அறிந்ததே. கடுமையான பேனா, ஈவிரக்கமில்லாத கிண்டல், எதிலும் நம்பிக்கையற்ற மனம் என்பார்கள். தம் கதைகளில் நம்பிக்கை வறட்சியே உண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் கமலா அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாக வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் இந்த அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக் கொள்ளத்தான் வேண்டும். ஊரையே எள்ளி நகையாடிய அதே மனிதர், மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் உருகிப் போகிறார். அன்பும் பணக் கவலையும் பிரிவாற்றாமையும் பின்னிக் கிடக்கும் கடிதங்கள் அவை.

'ஒரு நாள் கழிந்தது' என்ற கதையைப் பாருங்கள். முருகதாசர் ஓர் எழுத்தாளர். வயிற்றுப்பாட்டுக்காக விளம்பரம் எழுதுகிறவர். அவருடைய மனைவிக்குக் கமலா என்றே பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர்! மகள் அலமுவோ வாயாடி. கடைக்காரன் பாக்கிக்கு நிற்கிறான். பேச வந்த நண்பரிடம் தாசர் கைமாற்றுக் கேட்க, சொற்பச் சில்லறைதான் கிடைக்கிறது. கடைக்காரனுக்கென்று வாங்கிய அந்தக் காசைக் காபிப் பொடிக்குத் திருப்பி விடுகிறாள் மனைவி. திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன பாக்கிக்கு என்ன வழி என்றால், அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்! மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடக்கும் சம்பாஷணை அல்லவா இது? புருஷன் மீது பெண்ஜாதி எரிந்து விழவில்லை. அவரும் விதியை நொந்து பிரசங்கம் செய்யவில்லை. கஷ்டத்தை இருவரும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். அதற்குத் துணை நிற்பது ஹாஸ்யந்தான்.

கடைசியில் ஸினிமா அவரை அழைத்தது. சிறையிலிருந்து விடுதலையான தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போனார். குடும்பத்துக்கு நாலு காசு சேர்க்கலாம் என்று போன இடத்தில் க்ஷயரோகம் முற்றியது. அந்நோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைஸின் 1943லேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் 1948ல் நம் நாட்டுச் சாமானியக் குடும்பங்களுக்கு அது எட்டாத சரக்கு. அவர் திருவனந்தபுரத்துக்கே திரும்பி, அங்கே உயிர் நீத்தார்.

தாம் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், கல்லில் வடித்து வைக்க வேண்டாம், புலம்பவும் வேண்டாம் என்று அவர் முன்னமே ஒரு கவிதையில் கேலியாக எழுதி வைத்திருந்தார். இருந்தும் நண்பர்கள் அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டவே செய்தார்கள். அது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேலியில் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. இருக்கும்போது ஏன் கொடுக்கவில்லை என்பதே அது. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். சபையெல்லாம் குலுங்கச் சிரிக்க வைத்தவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

கந்தசாமிப் பிள்ளை கதையின் முடிவில், மனிதரோடு கூடி வாழத் தம்மால் ஆகாது, எட்ட நின்று வரந்தான் கொடுக்க முடியும் என்ற நிலைக்குக் கடவுள் வந்துவிடுகிறார். வரம் கொடுக்கச் சக்தியில்லாத சம்சாரியோ தினமும் வெறுங்கையோடு வீட்டுப் படியேறி, குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். இருவரில் யார் பெரியவர் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. நமக்கோ சந்தேகமில்லை.

நேயர்களில் குழந்தை குட்டிகளோடு இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையை வீட்டில் உரக்கப் படியுங்கள். வள்ளி கேட்கும் இடத்தில் குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தகப்பன் தினந்தோறும் தன்னையே கொண்டுவருவது எவ்வளவு பெரிய சம்பத்து என்பது அவர்களுக்கு இப்போது தெரிய வேண்டாம். பெரியவர்களாகிய நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.