பதின்மூன்றடிச் சுவரும் பறிபோகும் கைரேகையும்

ஆதார் விவரங்கள் பதின்மூன்றடி உயரமும் ஐந்தடி தடிமனும் கொண்ட சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் வாதிட்டார். திருடனோ அந்தச் சுவரின் பக்கமே போகவில்லை. பத்திரப்பதிவு இணையதளங்களில் கிடந்த கிரயப் பத்திரங்களிலிருந்து கைரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்தான். சிலிக்கானில் அச்சு வார்த்தான். பல மாநிலங்களில் காவல்துறையே கண்டறிந்த உண்மை இது.

ஆதார் வழிப் பணப்பட்டுவாடா முறையில் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் போதும். அட்டை வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். வங்கிக் கிளை இல்லாத கிராமத்திற்கு வங்கிச் சேவை என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட முறை, அந்தக் கிராமத்து ஏழையின் கணக்கையே திறந்த வீடாக்கிவிட்டது.

அடையாளத் திருட்டில் பறிபோவது பணம் மட்டுமல்ல. ஏடிஎம் அட்டை திருடுபோனால் மாற்று அட்டை கிடைக்கும். விரலை மாற்ற முடியுமா? ஒருமுறை களவுபோன ரேகை ஆயுள் முழுவதும் களவுபோனதுதான். "உங்கள் கைரேகைதானே பதிவாகியிருக்கிறது" என்ற கேள்வியின் முன், பணத்தைப் பறிகொடுத்த முதியவர் தாம் பொய்யரல்ல என்று மன்றாட நேர்கிறது. வாடிக்கையாளரின் தவறை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை கூறுகிறது. தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு அவரைச் சேராது என்றும் அது கூறுகிறது. ஆனால் அந்தத் தகவல் வருவதோ, அவரால் வாசிக்க இயலாத குறுஞ்செய்தியாக!

"விழிப்புடன் இருங்கள், கைரேகையைப் பூட்டிவையுங்கள்" என்பது ஆட்சியாளர்களின் உபதேசம். பூட்டினால் ரேஷன் கடைக் கருவியும் அந்த விரலை ஏற்காது. திருடனுக்கு அஞ்சிப் பூட்டினால் அரிசி இல்லை; அரிசிக்காகத் திறந்தால் பணத்திற்குப் பாதுகாப்பில்லை. கைரேகையைக் கட்டாயப்படுத்தி வாங்கியது யார்? வாங்கியவனிடம் கேட்க வேண்டிய கணக்கைக் கொடுத்தவளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த அநியாயத்திற்கு முத்திரை குத்துகிறது. தரவைக் கசியவிட்ட நிறுவனத்திற்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. அதில் ஒரு ரூபாய்கூடப் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை, முழுவதும் அரசுக் கருவூலத்திற்கே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு அளித்த இழப்பீட்டு உரிமையை நீக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. அற்பமான புகார் என்று கருதப்பட்டால் புகார் கொடுத்தவருக்கே ரூ.10,000 வரை அபராதம்! அரசு அமைப்புகளுக்கோ விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம்.

கணக்குதாரர் எழுத்துமூலம் கேட்டாலன்றிக் கைரேகைவழிப் பணம் எடுக்கும் வசதி கூடாது. புகார் அளித்த பத்து வேலைநாட்களுக்குள் பணத்தை வரவு வைக்க வேண்டும் என்ற விதி ஒவ்வொரு கிளையிலும் நடைமுறைக்கு வர வேண்டும். ரேஷனுக்கும் கூலிக்கும் ஆதாரைக் கட்டாயமாக்குவது கைவிடப்பட வேண்டும். இழப்பீட்டு உரிமை காக்கப்பட வேண்டும். இவை வெறும் தொழில்நுட்பக் கோரிக்கைகள் அல்ல. உழைத்துச் சேர்த்த கூலியைக் காக்கும் கோரிக்கைகள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் அமைப்பும் இவற்றைக் கையிலெடுக்க வேண்டும். பணத்தை இழந்தவரை 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே அழைத்துச் செல்லும் ஒரு தோழர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். மூன்று நாள் கெடு தனித்து நிற்பவருக்காகக் காத்திராது.