விரிசல் விழுந்த வாரிய வீடு... காலி செய்யும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் 2024 டிசம்பரில், வாரியக் குடியிருப்பின் ஜன்னல் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் வெளியேறிவிட்டதுதான் காரணம்.

'ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டை விட்டு வெளியேறினால் திரும்பக் கிடைக்குமா என்ற பயம்தான் பதில். மயிலாப்பூரில் வீட்டு வேலை, தி.நகரில் கடை வேலை என்று இருப்பவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால், பிழைப்பும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே அடிபடும். அதனால்தான் பலர் விரிசலைப் பற்றி வெளியில் சொல்வதே இல்லை. உயிரையும் காப்பாற்றி, வீட்டு உரிமையையும் விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

சுவர்ப்பூச்சில் முடி போல ஓடும் கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். தூண், பீம், பால்கனி அடிப்பகுதியில் விரிசல், துருக்கறை, காரை பெயர்ந்து கம்பி தெரிவது ஆகியவை வேறு கதை. கடற்கரைக் காற்றில் உள்ள உப்பு, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். அதன்மேல் சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது.

கதவு, ஜன்னல் திடீரென மூட முடியாமல் இறுகினாலோ, விரிசல் நாளுக்கு நாள் அகன்றாலோ உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு 112-க்கு அழையுங்கள். சாமான்களை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

சன்ஷேடில் பூந்தொட்டி, தண்ணீர் டிரம், ஏ.சி. பெட்டி வைக்க வேண்டாம். அதன் அடியில் பிள்ளைகள் விளையாடவும் விட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு இருந்தால், அங்கே பைக் நிறுத்துவதும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுவதும் தீ விபத்தில் முடியலாம். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

வாய்ப் புகார் போதாது

விரிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தை எடுத்தால் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது தெரியும். பிளாக்கில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டு, வாரியத்தின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். பதில் வரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 'எங்கள் கட்டடத்தின் உறுதித்தன்மை ஆய்வறிக்கை நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாள்களில் பதில் தர வேண்டும்.

இடித்துக் கட்டும்போது...

1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு இது. பழுதான பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டி வருகிறது. அப்போது பழைய ஒதுக்கீடுதாரர்களின் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீதுகள், ரேஷன் கார்டு, ஆதார், மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணை இறந்துபோன தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு இப்போதே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். புதிய வீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகை எவ்வளவு, எத்தனை தவணை என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

வாரிய வீட்டில் உள்வாடகைக்கு இருப்பவர்களின் நிலைதான் சிக்கல். பட்டியலில் அவர்கள் பெயர் வராது. 'கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டோம்' என்று நம்பும் பத்திரமும் அங்கே கைகொடுக்காது.

இடைக்கால வாடகை

புது வீடு கட்டும் வரை வெளியே தங்க, அரசு தரும் கருணைத்தொகை 2021-ல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. கட்டுமானம் 18 மாதம் நடந்தால், மாதத்துக்கு 1,333 ரூபாய்தான். மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஒற்றை அறைக்குக்கூட இது போதாது. மீதி உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதால், வேலை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம் உங்களுக்குத்தான். வேலை முடியும் தேதியையும் காலி செய்யும் முன் எழுத்தில் கேளுங்கள்.

வெளி வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். தமிழக வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அதனால் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக்கில் உள்ளவர்கள் சேர்ந்து மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மனுவை அன்றைக்கே எழுதிவிடலாம்.