பழுது பார்த்தலும் புதுக்குதலும்

அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரத்திலிருந்து 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு மோட்டார் வண்டி விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கியவர் ஹென்றி ஃபோர்டு. வண்டியின் பெயர் 'மாடல் டி' என்பது. அந்நாள்வரை மோட்டார் வண்டி பெரும்பாலும் செல்வர் வீட்டு முற்றத்தை அணிசெய்யும் பொருளாகவே இருந்தது. உழவரும் கடைக்காரரும் நாட்டுப்புற மருத்துவரும் வாங்கத்தக்க வண்டியொன்றை ஆக்க வேண்டும் என்பது ஃபோர்டின் எண்ணம். எண்ணம் ஈடேறிற்று. 1913ஆம் ஆண்டில், தொழிலாளர் வண்டியைத் தேடிச் செல்லாமல், வண்டியே தொழிலாளரிடம் நகர்ந்து வரும் முறை அவருடைய தொழிற்சாலையில் புகுத்தப்பட்டது. அதற்குமுன் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க ஏறக்குறைய 12½ மணி நேரம் பிடித்த வேலை, அடுத்த ஆண்டில் 93 நிமிடத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1925ஆம் ஆண்டில் 260 டாலர் அளவுக்கு இறங்கிற்று. 1927ஆம் ஆண்டில் அவ்வண்டியின் ஆக்கம் நின்றபோது, 1½ கோடி வண்டிகள் உருவாகியிருந்தன.

அவற்றுள் பெரும்பகுதி துருவாகவும் பழைய இரும்பாகவும் போய்விட்டது. எஞ்சியவற்றைப் பல நாடுகளில் ஆர்வலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்டி, மீண்டும் சாலையில் ஓட்டி மகிழ்கின்றனர். நூறு ஆண்டு கடந்த ஓர் இயந்திரத்தை, பெரிய பட்டறை எதுவுமின்றி, ஒருவர் தம் கையாலேயே உயிர்ப்பிக்க முடிகிறதே, அஃது எவ்வாறு? விடை அவ்வண்டியின் அமைப்பிலேயே உள்ளது. பட்டறை இல்லாத ஊரில் வாழும் உழவருக்கென்று ஆக்கப்பட்ட வண்டி அது. அதன் நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பாக அமைந்தவை. அவற்றின் தலைப்பகுதியைத் தனியே கழற்றிவிடலாம். பெட்ரோலை ஏற்றப் பம்பு இல்லை. தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கும். எரிபொருள் தன் எடையாலேயே கீழிறங்கி வரும். இதனால் ஒரு வேடிக்கையும் உண்டு. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், இயந்திரம் தொட்டியைவிட உயர்ந்துவிடும். எரிபொருள் வந்து சேராது. ஆகவே அக்காலத்தார் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்னோக்கியே மேடேறினர்!

இன்றைய ஓட்டுநர் ஒருவரை அவ்வண்டியில் அமர்த்தினால் அவர் திகைத்துப் போவார். காலடியில் மூன்று மிதிகள் உண்டு. இடப்பக்க மிதியை முழுதும் அழுத்தினால் வண்டி மெல்லச் செல்லும். விட்டால் விரைந்து செல்லும். நடுமிதி பின்னோக்கிச் செலுத்துவது. வலமிதி பிரேக்கு. விரைவைக் கூட்டும் நெம்புகோலோ கைக்கருகில், சுழல்சக்கரத்தின் கீழே இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் எல்லா வண்டிகளையும் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பினர். தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்து சுழற்றினால், கைப்பிடி எதிர்த்து உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். இடக்கையால் பற்றி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுப்பதே முறை. இதனை இன்றும் பழைய வண்டிக்காரர் புதியவர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கின்றனர்.

பல்லாண்டு கொட்டகையில் கிடந்த வண்டியின் இயந்திரம் பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும். பிஸ்டன் சிலிண்டரின் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனைச் சுத்தியால் அடித்து விடுவிக்க முயல்வது பேதைமை. வார்ப்பிரும்பு அடிதாங்காது, வெடித்துவிடும். மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் விடுபடாவிடின் ஒரு வாரம். ஒரு வாரத்தில் விடுபடாவிடின் ஒரு திங்கள். இடையிடையே சற்றே முன்னும் சற்றே பின்னும் அசைத்துப் பார்க்கலாம். நூலளவு அசைந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது என்று கொள்ளலாம்.

துருவைப் போக்குவதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க இனிய வழி ஒன்று உண்டு. இரும்பு ஈரத்தோடும் உயிர்வளியோடும் கூடித் துருவாகிறது என்பதை வேதியியல் வகுப்பில் மாணவர் கற்றிருப்பர். மின்னாற்றலால் அச்செயலைப் பின்னோக்கித் திருப்பலாம். பிளாஸ்டிக்குத் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய உறுப்பை அதில் தொங்கவிட வேண்டும். மின்கலத்துக்கு மின்னேற்றும் கருவியின் எதிர்முனையை அவ்வுறுப்போடும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைக்க வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுத்துத் தளர்ந்து, தூரிகையால் தேய்த்தாலே போய்விடும். அரத்தால் தேய்த்தால் துருவோடு நல்லிரும்பும் போகும். இம்முறையில் நல்லிரும்பு குறையாது. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தொட்டியிலிருந்து எழும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. ஆதலின் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில், பெரியோர் துணையோடு இதனைச் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகை நேர்முனைத் தகடாக வைத்தலும் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாக மாறி நீரில் கலந்துவிடும்.

இவ்வளவும் பழுது பார்த்தல். இதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. துருப் போனபின் எழும் கேள்வியே பெரியது: அடுத்துச் செய்ய வேண்டியது யாது?

பலர் அடுத்துச் செய்வது புதுக்குதல். பழைய வண்ணத்தை முழுதும் சுரண்டி எறிகின்றனர். கண்ணாடி போல் மின்னும் புதுவண்ணத்தைப் பல பூச்சாகப் பூசுகின்றனர். வெடித்த தோலிருக்கையை அகற்றிப் புதுத்தோல் போர்த்துகின்றனர். பித்தளை விளக்கு பொன்போல் ஒளிர்கிறது. கண்காட்சியில் மக்கள் சூழ்ந்து நின்று வியக்கின்றனர், பரிசும் கிடைக்கிறது. ஆனால் ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்து அத்துணைப் பளபளப்போடு ஒரு வண்டியேனும் வெளிவந்ததில்லை. விரைவும் மலிவுமே அங்கு நோக்கம். 1914 முதல் 1925 வரை ஆக்கப்பட்ட மாடல் டி வண்டிகள் கறுப்பு நிறம் ஒன்றையே பெற்றன. 1917ஆம் ஆண்டு வண்டிக்குச் செவ்வண்ணம் தீட்டுவோரும் உளர். அழகுதான், ஆனால் அது 1917ஆம் ஆண்டின் வண்டியன்று.

பழைய வண்டி ஒரு பயன்பொருள் மட்டுமன்று. அஃது ஓர் ஆவணமும் ஆகும் என்பதே என் கருத்து. கதவின் மேல்விளிம்பில் ஓட்டுநரின் முழங்கை தேய்த்த தேய்வு, மிதியின் ஒரு மூலையில் காலணி அரைத்த குழிவு, பின்பலகையில் மூட்டை ஏற்றி இறக்கிய கீறல், எங்கோ ஓர் உழவர் தம் கையால் வைத்துத் தறைந்த தகட்டொட்டு ஆகிய யாவும் அவ்வாவணத்தின் எழுத்துகள். துரு அவ்வெழுத்தை அரிக்கும் கறையான். அதனைப் போக்க வேண்டும். ஆனால் கறையானைப் போக்குவதாகச் சொல்லி ஓலையையே எரிப்பார் உண்டோ? நம் நாட்டுக் கோயில்களிலும் இத்தகைய கேடு நேர்ந்ததுண்டு. திருப்பணி என்ற பெயரால், சுவரைத் தூய்மை செய்ய மணலை விசையோடு வீசியதில், கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கிப் போயிற்று. செய்தவர் நெஞ்சில் தீமை இல்லை. போன எழுத்து மட்டும் மீளவில்லை.

கட்டடங்களைப் பொறுத்தவரை இந்த உண்மையை அறிஞர் முன்னரே உணர்ந்தனர். 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் கூடிய வல்லுநர், பழைய சின்னங்களைக் காக்கும் நெறிகளை ஒரு சாசனமாக வகுத்தனர். அதனைப் பின்பற்றிப் பழைய ஊர்திகளுக்கென்றும் 'தூரின் சாசனம்' என ஒன்று பிற்காலத்தில் வகுக்கப்பட்டது. இயன்றவரை பழம்பொருளைக் காத்தல், இன்றியமையாத இடத்தில் மட்டும் மாற்றுதல் என்பது அவற்றின் சாரம்.

இக்கொள்கையின் எல்லையைக் காட்டும் வண்டி ஒன்று உண்டு. 1925ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட புகாட்டி பிரெஸ்ஸியா என்னும் பிரெஞ்சு நாட்டு வண்டி அது. ஸ்விட்சர்லாந்தில் அதற்குரிய வரி செலுத்தப்படாமையால் மஜ்ஜோரே ஏரியில் அமிழ்த்தப்பட்டது என்பர். பல பத்தாண்டுகள் நீரடியில் கிடந்து, 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியே எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிஸ் நகர ஏலத்தில் அதனை வாங்கிய அமெரிக்கச் செல்வர், அதனைப் புதுக்கவில்லை. பழுது பார்க்கவும் இல்லை. பாதி கரைந்த கூடாகவே கலிபோர்னியாவிலுள்ள தம் காட்சியகத்தில் வைத்தார். 2024ஆம் ஆண்டில் அக்காட்சியகம் மூடப்படும்வரை, ஒளிரும் வண்டிகளுக்கு நடுவே அந்தத் துருக்கூட்டை மக்கள் நின்று நோக்கினர். அவர் செய்தது சரியே. அந்த வண்டியைப் புதுக்கியிருந்தால், நூற்றுக்கணக்கான புகாட்டிகளுள் ஒன்றாக அது மாறியிருக்கும்; ஏரியின் கதை அழிந்திருக்கும்.

ஆயினும் எல்லா வண்டியையும் அவ்வாறே விட்டுவிட வேண்டும் என்று சொல்வேனல்லேன். ஓடுவதற்கென்று பிறந்த பொருள் ஓட வேண்டும். ஓடும்போது உயிர்கள் அதனை நம்பியிருக்கின்றன. இவ்விடத்தில் 'பழமை, பழமை' என்று பிடிவாதம் பிடிப்போர் பெருந்தவறு செய்கின்றனர். மாடல் டி வண்டியின் பின் அச்சுக்குள், பல்சக்கரம் நகர்ந்துவிடாமல் தாங்கும் வளையங்கள் உண்டு. அவை வெள்ளீயத்தைப் போன்ற மென்மையான கலப்புலோகத்தால் ஆனவை. நூறு ஆண்டில் அவ்வுலோகம் நொறுங்கித் தூளாகிவிடும். அப்போது பல்சக்கரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். வண்டியின் பிரேக்கு மிதியோ சக்கரத்தில் செயற்படுவதன்று. இயந்திரத்தை அடுத்த கியர்ப் பெட்டிக்குள் செயற்படுவது. பல்சக்கரம் விலகிய நொடியில், ஓட்டமும் போகும், அம்மிதியின் பிடிப்பும் போகும். இறக்கத்தில் இது நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அவ்வளையங்களை எடுத்தெறிந்து வெண்கல வளையங்களைப் பூட்டுவது கடமை. வெளியே எவர் கண்ணுக்கும் தெரியாத அவ்வளையத்தை மாற்றாமல், எவர் கண்ணுக்கும் தெரியும் வண்ணத்தை மட்டும் மாற்றிய வண்டிகள் சாலையில் ஓடுவதே எனக்குப் பெருங்கவலை. முன்புறக் கண்ணாடியும் இவ்வாறே. பழைய கண்ணாடி உடைந்தால் கத்திபோல் சிதறும். சிதறாத கண்ணாடியை அதன் சட்டத்திலேயே பொருத்திவிடலாம். பின்சக்கரங்களுக்குத் துணைப் பிரேக்கு பூட்டுவதையும் நான் மறுக்கமாட்டேன். சட்டத்தில் புதுத் துளை இடாமல், பிற்காலத்தார் விரும்பினால் கழற்றத்தக்கவாறு பூட்டுதல் வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. அக்காலக் கார்புரேட்டரில் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்கு பூசியிருப்பர். இன்று பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. நம் நாட்டில் அதன் அளவு 20 விழுக்காடாகியுள்ளது. எத்தனால் அரக்கைக் கரைத்துவிடும், தக்கை எரிபொருளை உறிஞ்சி அமிழும், பெட்ரோல் வழிந்தோடும். சூடான இயந்திரத்தின் அருகே அது வழிந்தால் ஆபத்து. இங்கும் மாற்றமே வேண்டும்.

இத்தனை உழைப்பும் பணமும் ஒரு பழைய வண்டிக்கு வேண்டுமா, புகை கக்கும் பொருளைப் போற்றலாமா என்று வினவுவோர் உளர். வினாவில் நியாயம் உண்டு. ஆண்டுக்குச் சில நாளே ஓடும் வண்டியின் புகை பெரிதன்று என்பதோடு அவ்விடையை முடித்துக்கொள்கிறேன். பணத்தைப் பற்றிய குறையை நான் முழுதும் மறுக்க மாட்டேன். அது வண்ணத்திற்கும் பரிசுக்கும் செலவாகும்போது வீண்செலவே. ஆனால் இவ்வேலையைக் கையால் செய்யும் இளைஞர் பெறும் கல்வி வேறெங்கும் எளிதில் கிட்டாது. வெப்பம் எவ்வாறு விசையாகிறது, விசை எவ்வாறு சக்கரத்தைச் சேர்கிறது என்பதைத் திறந்த புத்தகம்போல் காட்டும் இயந்திரம் அது. இன்றைய வண்டியின் மூடியைத் திறந்தால் தெரிவது பெரும்பாலும் மற்றொரு மூடியே.

உடல்நலம் பற்றி ஒன்று சொல்லாமல் விடலாகாது. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக்குப் பட்டையில் கல்நார் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு நெஞ்சுக்கு நஞ்சு. ஈரமாக்கியே துடைக்க வேண்டும். உரிய முகமூடியின்றி அணுகக் கூடாது. பழைய வண்ணத்தைச் சுரண்டாமல் விடுக என்பதற்கு இஃது இன்னொரு காரணம்.

கழற்றத் தொடங்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து வைத்தல் வேண்டும். கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிப் பைகளிலிட்டு, எவ்விடத்தன என்று சீட்டெழுதிக் கட்ட வேண்டும். மாற்றிய உறுப்புகளையும் எறியாமல், எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் வைக்கலாம். உளுத்துப் போன மரச்சட்டத்தில் புதுத்துண்டு இணைத்தவர், அத்துண்டின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்துவிடுவது நல்ல வழக்கம். வெளியே தோன்றாது, ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அவ்வண்டியைத் திறப்பவர், எது 1917ஆம் ஆண்டின் மரம், எது பின்னால் வந்த மரம் என்று அறிந்துகொள்வார்.