மீண்டும் அந்தப் பயணியோடு

பதினான்கு வயதிலே விழுங்கிய நூலை அறுபது வயதிலே மென்று பார்த்தால் சுவை வேறாகத்தான் இருக்கின்றது. சென்ற வாரம் கறையானுக்கு அஞ்சிப் புத்தகப் பெட்டியைத் துப்புரவு செய்யப் புகுந்தோம். ஜோன் பன்யன் இயற்றிய ‘மோட்சப் பிரயாணம்’ அட்டை கழன்ற கோலத்தில் எமது கைக்கு அகப்பட்டது. துப்புரவு அவ்வளவோடு நின்றது.

திருநெல்வேலிச் சீமைக் கவிஞர் கிருஷ்ணபிள்ளை 1894 இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாகப் பாடியதும் இக்கதையையே என்பதை மாணவர் அறிந்திருப்பர். எமக்கோ அப்பருவத்தில் இந்நூலில் வேண்டியிருந்ததெல்லாம் சண்டைதான். மீன் செதிலும் சிங்க வாயும் கொண்ட அப்பொல்லியோனோடு கிறிஸ்தியான் அரை நாளுக்கு மேலாகப் பொருத போரைத் திரும்பத் திரும்பப் படிப்போம். நீண்ட சம்பாஷணைகள் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவோம். (உண்மையைச் சொன்னால், இப்போதும் சிலவற்றைத் தள்ளத்தான் தோன்றிற்று.)

இம்முறை எம்மைத் தடுத்து நிறுத்தியது தொடக்கத்திலுள்ள ஒரு சிறு காட்சி. அழியப்போகும் ஊரை விட்டுக் கிறிஸ்தியான் ஓடத் தொடங்குகின்றான். மனைவியும் மக்களும் திரும்பி வரும்படி கதறி அழைக்கின்றனர். அவனோ விரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமலே ஓடுகின்றான். அன்று நாமும் அவனோடு ஓடினோம். அக்கதறல் எம் செவியில் விழவேயில்லை. பிள்ளைகளைப் பெற்று, அவர்களுடைய காய்ச்சலுக்குக் கண்விழித்திருந்த பின்னர் வாசிக்கையில், நாம் அவர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டோம். இப்படியும் ஒருவன் போவானா என்று ஆசிரியர் மீதே கோபம் வந்தது.

கோபம் தணிய அவருடைய வாழ்க்கையை நினைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கு அருகே 1628 இல் பிறந்த பன்யன், ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்தவர். அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 இல் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். கொடுக்கவில்லை. 12 ஆண்டுகள் உள்ளே கழிந்தன. வெளியே இளம் மனைவி. முதல் தாரத்துப் பிள்ளைகள் நால்வர். அவர்களுள் மேரி என்னும் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. சிறையிலிருந்தபடி நாடாக்களுக்கு உலோக நுனி பூட்டி விற்று அவர்களுக்குக் கஞ்சி வார்த்தார் பன்யன். பார்வையற்ற அக்குழந்தையின் நினைவே ஏனையவற்றிலும் மேலாகத் தம்மை வருத்தியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார்.

இதனை அறிந்த பின் அந்தக் காட்சியை மறுபடி வாசித்தோம். காதை அடைத்தவனுக்கு அக்குரல் கேட்காமல் இல்லை, கேட்டபடியால்தான் அடைத்தான். அவன் செய்தது சரியென்று துணிந்து சொல்ல எமக்கு இன்றும் நா எழவில்லை. பன்யனுக்கும் மனம் ஆறவில்லைப் போலும். முதற் பாகம் வெளிவந்தது 1678 இல். ஆறு ஆண்டுகள் கழித்து, விடப்பட்ட அந்த மனைவியையும் நான்கு புதல்வரையும் அதே வழியில் நடத்திச் செல்ல இரண்டாம் பாகத்தை எழுதினார்.

சிறு வயதில் இப்பாகத்தை வெறும் வாலென்று ஒதுக்கினோம். இப்போது தலையே இதுதானோ என்று தோன்றுகின்றது. முன்னவன் தனியே ஓடிய பாதையில் இவர்கள் கூட்டமாக, மெல்ல மெல்ல நடக்கின்றனர். பெண்கள், குழந்தைகள், நோயாளர் யாவரும் வருகின்றனர். ஊன்றுகோலின்றி நிற்க மாட்டாத ஒருவரும் உடன் வருகின்றார். சந்தேகக் கோட்டையின் இராட்சதனைக் கொன்று, அங்கே அடைபட்டிருந்த முதியவரையும் மகளையும் மீட்டதும் வழியிலேயே இசை எழும்புகின்றது. ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் அந்தப் பெண்ணின் கையுமாக அந்த முடவர் ஆடுகின்றார். இதை வாசித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம், கண்ணும் கலங்கிற்று.

இன்னொருவர், பெயரே அச்சம் என்று பொருள்படுபவர். முதற் சேற்றுப் பள்ளத்தின் ஓரத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் புலம்பிக் கிடந்தவர். சிங்கங்களுக்கு அவர் அஞ்சவில்லை. போய்ச் சேர்ந்தால் தம்மை ஏற்றுக்கொள்வார்களோ என்பதே வழிநெடுக அவருடைய பயம். கடைசியாகக் கடக்க வேண்டிய ஆற்றங்கரைக்கு அவர் வந்த வேளையில், தண்ணீர் என்றுமில்லாதவாறு வற்றியிருந்தது. பாதம் நனைந்ததற்குச் சற்று மேலாக, அவ்வளவுதான், அக்கரை சேர்ந்துவிட்டார்.

எம்முடைய பிரதியில் அப்பொல்லியோன் வரும் பக்கங்கள் விரல் பட்டுக் கறுத்திருக்கின்றன. அச்சக்காரர் ஆற்றைக் கடக்கும் பக்கமோ ஒரு மடிப்புமின்றிப் புதிதாகவே இருக்கின்றது.