பின் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறதா?

பழைய காரின் பின் டயரில் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகிறதா? உடனே டயரை மாற்றாதீர்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புது டயரும் அப்படியே தேயும்!

டயரின் நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால், பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு. திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைக் கவனியுங்கள்.

முதலில் புஷ், வீல் பேரிங் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம் இருப்பதால், முன் சக்கரம்போலத் திருகிச் சரிசெய்ய முடியாது. சிறிய விலகலுக்கு ஷிம் வைக்கலாம். பீம் வளைந்திருந்தால் மாற்றுவதே பாதுகாப்பு.

பட்டன் ஆழம் 1.6 மி.மீ-க்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆக வேண்டும். மழையில் பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், உஷார்!